கெற்றில் அடுப்பு வாங்குவோர் முதலில் மூடியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

கரியில் சுடும் பாபிகியூ அடுப்புகள் யாழ்ப்பாணத்துக் கடைகளிலும் பெட்டியோடு கிடைக்கின்றன. வாங்குவோர் விலையையும் மினுக்கத்தையும் பார்க்கிறார்கள். உருண்டைச் சட்டியும் கவிழ்த்த மூடியுமாக இருக்கும் கெற்றில் வகையில் முதலில் பார்க்கவேண்டியது மூடி. இந்த வடிவம் பிறந்ததே மூடிக்காகத்தான். சிக்காகோவில் வெபர் சகோதரர்களின் உலோகப் பட்டறையில் வேலை செய்த ஜோர்ஜ் ஸ்ரீபன், காற்றோடும் சாம்பலோடும் மல்லுக்கட்டி அலுத்து, 1952இல் அங்கு செய்யப்பட்ட கடல் மிதவையின் ஒரு பாதியைச் சட்டியாகவும் மறுபாதியை மூடியாகவும் ஆக்கினார். சோளகக் காற்று அடிக்கும் ஊரில் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கடையிலேயே பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். கைபேசி வெளிச்சத்தை எரியவிட்டுச் சட்டிக்குள் வைத்து மூடி, இருட்டான மூலையில் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். நூலளவு ஒளி அங்கங்கே தெரிந்தால் குறையில்லை. ஒரு பக்கத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால், மூடியைக் கால்வட்டம் திருப்பி மறுபடி பாருங்கள். இடைவெளியும் கூடவே நகர்ந்தால் மூடி கோணல், நின்ற இடத்திலேயே நின்றால் சட்டி கோணல். இரண்டும் வீட்டில் நிமிர்த்தக்கூடிய கோணல் அல்ல.

இவ்வளவு கெடுபிடி ஏனென்றால், இந்த அடுப்பில் சூட்டை ஆள்வது காற்று. கீழ்த்துவாரத்தால் புகுந்து மேல்துவாரத்தால் போகும் காற்றைக் கூட்டிக் குறைத்துத்தான் 110 பாகை செல்சியஸில் புகையூட்டவும் 250க்கு மேல் வாட்டவும் முடிகிறது. இரண்டு துவாரங்களையும் அடைத்தால் தணல் தானாக நூர வேண்டும், மிச்சக் கரி அடுத்த முறைக்கு உதவும். கசியும் அடுப்பில் விடியப் பார்த்தால் சாம்பல்தான் கிடக்கும்.

அளவில் 57 சென்ரிமீற்றர் விட்டமுள்ளதையே எடுங்கள். புகையூட்டும்போது கரி ஒரு பக்கம், இறைச்சி மறுபக்கம் என்பதால் பயன்படுவது பாதித் தட்டுத்தான். 47 சென்ரிமீற்றர் அடுப்பில் ஒரு முழுக்கோழி வைத்தாலே ஒரு தொடை நெருப்புக்கு மேல் போய்விடக்கூடும். மேசையில் வைக்கும் சிறியவை இறால், கணவாய் வாட்டச் சரி.

உப்புக்காற்றுக்கு வெறும் கறுப்புப் பெயின்ற் நிற்காது, சூளையில் சுட்ட எனாமல் பூச்சு வேண்டும். அதிலும் விளிம்பையும் ஆணித்துளைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். எனாமல் சிதறிய இடத்தில்தான் துரு பிடிக்கத் தொடங்கும். ஈரம் இழுத்த சாம்பலும் இரும்பை அரிக்கும், மறுநாளே கொட்டிவிட வேண்டும். முதலில் இற்றுப்போவது கரி கிடக்கும் அடித்தட்டு. 10 மில்லிமீற்றர் கம்பியில் வெல்டிங் பட்டறையில் செய்விக்கலாம், ஆனால் நாகம் (துத்தநாகம்) பூசிய கம்பி வேண்டாம். நாகம் 419 பாகையிலேயே உருகிவிடும், தணல் அதைவிடச் சூடு. அதன் புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல்போல வரும். பழைய பரலை வெட்டி அடுப்பாக்குவோரும், அதில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் விட்டுவிடுவது நல்லது.

எரிபொருளுக்கு நம்மிடம் சிரட்டைக்கரி இருக்கிறது. நன்றாக வெந்த கரியை உடைத்தால் கிணுங்கென்று சத்தம் வரும், உள்ளும் கறுப்பாக இருக்கும். பழுப்புத் தெரிந்தால் அரைவேக்காடு, கண்ணைக் கரிக்கும் புகைதான் வரும். தூளைச் சலித்து அகற்றாவிட்டால் அது இடுக்குகளை அடைத்துத் தணலைத் திணறடிக்கும். பற்றவைக்க மண்ணெண்ணெய் ஊற்றினால் மீனில் மண்ணெண்ணெய்தான் மணக்கும். பெரிய பால்மாப் பேணியின் இரண்டு பக்கத்தையும் திறந்து, அடிப்பக்கத்தில் காற்றுத்துளைகள் போட்டு, கீழே பன்னாடையும் மேலே கரியும் வைத்துக் கொளுத்துங்கள். பேணியின் பெயின்ற் போக ஒருமுறை வெறுமனே எரித்தபின் பயன்படுத்துவது முக்கியம்.

வெளிநாட்டு முறைப்படி கரிக்கட்டிகளைப் பாம்புபோல அடுக்கி ஒரு முனையில் கொளுத்துவது, ஒரே அளவான அச்சுக்கட்டிக்குத்தான் பொருந்தும். வளைந்த சிரட்டைத் துண்டுகளில் நெருப்பு ஒன்றில் இடைவெளியில் நின்றுவிடும், அல்லது எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகப் பிடித்துவிடும். எனவே கொளுத்தாத கரியை ஒரு பக்கச் சுவரோடு குவித்து, அதன் மேல் ஏழெட்டுத் தணல் துண்டுகளை வையுங்கள். நெருப்பு மேலிருந்து கீழாக மெல்ல இறங்கும். மறுபக்கம் ஒரு தட்டத்தில் ஒரு லீற்றர் சுடுநீர், அதற்கு மேலுள்ள கம்பித் தட்டில் இறைச்சி, மூடியின் துவாரமும் இறைச்சிப் பக்கமாக. மேல்துவாரம் முழுவதும் திறந்திருக்க, கீழ்த்துவாரத்தைக் கால்பங்கு மட்டும் திறந்து, 100 பாகை தாண்டியதும் இன்னும் ஒடுக்குங்கள். 130க்கு ஏறவிட்டுப் பிறகு இறக்குவது பெரும்பாடு. கீழ்த்துவாரத்துக்குள் காற்று நேராக அடித்தாலும் சூடு ஏறும். ஓர் ஓலைத்தட்டி மறைப்பே போதும், எரியாத தூரத்தில் வைத்தால் சரி.

புகைக்கு, காய்ந்த மா, கொய்யாக் கட்டைகளில் அரைக்கைப்பிடி அளவில் மூன்று துண்டு போதும். அலரி நஞ்சு, இறைச்சியை அதன் கம்பில் செருகவும் கூடாது. முதலில் வரும் தடித்த வெள்ளைப்புகை கசக்கும். அது மெலிந்து நீலம் ஓடிய பிறகே இறைச்சியை வைக்க வேண்டும். கோழித்தொடையின் நடுவில், எலும்பில் படாமல், 74 பாகை காட்ட வேண்டும். மூடியிலுள்ள மானி மூடியின் சூட்டைத்தான் சொல்லும், கத்திபோலக் குத்திப்பார்க்கும் மானி ஒன்று தனியே வாங்குங்கள்.

மழை வந்தால் அடுப்பை விறாந்தைக்குள்ளோ கராஜுக்குள்ளோ இழுக்காதீர்கள். கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, ஆளைக் கொல்லும். தணல் நூர்ந்ததுபோலத் தெரிந்தாலும் அது வந்துகொண்டிருக்கும்.

வியாபாரிகளிடமும் ஒன்று கேட்கவேண்டும். அடுப்போடு அடித்தட்டையும் துவாரத் தகட்டையும் தனியாக விற்பனைக்கு வையுங்கள். நூறு ஆணி விற்கும் கடையில் அந்த இரண்டும் இல்லாததால்தான் நல்ல சட்டிகள் பழைய இரும்புக்குப் போகின்றன.

வாசகர் ஒருவர்,
கொக்குவில்.