மைக் இல்லை என்று சொல்லி விற்ற குவார்டெட் கச்சேரி: டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்: மேலாளர், நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம்
அனுப்புநர்: வயலின் ஆசிரியை, மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்

ஐயா,

சென்ற சனிக்கிழமை மாலை நம் மாவட்டத்து அருங்காட்சியகக் கூடம் ஒன்றில் நீங்கள் நடத்திய ஸ்டிரிங் குவார்டெட் (நான்கு தந்தி வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய இசை) கச்சேரிக்கு, தலைக்கு 500 ரூபாய் கொடுத்து, சர்ச் கொயரில் என்னிடம் வயலின் படிக்கும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தேன். ‘மைக் இல்லாத இயல்பான ஒலி’ என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதை நம்பித்தான் டிக்கெட் எடுத்தோம். உள்ளே போனால் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்.

நூறு நாற்காலிகூடப் போட முடியாத கூடம் அது. இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய ஒரு வயோலா, உட்கார்ந்து வாசிக்கும் பெரிய செல்லோ ஒன்று. அந்த அளவு கூடத்துக்கென்றே உருவான இசை இது. நம்ம பத்மநாபபுரம் அரண்மனை நவராத்திரி மண்டபம் 18ஆம் நூற்றாண்டில் கட்டியது. அங்கே பாடியவர்களுக்கு அன்று யார் மைக் கொடுத்தார்கள்?

அன்று வாசித்தது ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனின் ஓபஸ் 76 (76 என்று எண்ணிட்ட படைப்புத் தொகுப்பு), மூன்றாம் குவார்டெட். அதன் இரண்டாம் பகுதியில் ஒரே மெட்டு கைமாறிக்கொண்டே போகும். இன்றைய ஜெர்மன் தேசிய கீதத்தின் மெட்டுதான் அது. முதல் வயலின் தொடங்கும், அப்புறம் இரண்டாம் வயலின், பிறகு செல்லோ, அதற்கடுத்து வயோலா. மெட்டு மாறாது, சுற்றி மற்ற வாத்தியங்கள் வாசிப்பதுதான் மாறும். “மெட்டு இப்போ யார் கையில் இருக்குன்னு கவனிங்க” என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன். வயோலாவின் முறை வந்தபோது அது கேட்கவே இல்லை. வயோலாவின் குதிரையில் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டில்) மாட்டிய குட்டி மைக் கரகரத்தது, செல்லோ கும்மென்று எல்லாவற்றையும் மூடிவிட்டது. வயோலாக் கலைஞர் வில்லை நுனிவரை இழுப்பது கண்ணுக்குத் தெரிந்தது, மெட்டு காதுக்கு வரவில்லை. நால்வரும் அருமையாக வாசித்தார்கள். அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இடைவேளையில் உங்கள் ஊழியரிடம் சொன்னேன். “பின்வரிசைக்குக் கேட்க வேண்டாமா டீச்சர்?” என்றார். சரி, ஒரு நிமிடம் அணைத்துவிட்டுப் பின்வரிசையில் போய் நின்று கேளுங்கள் என்றேன். யாரும் அசையவில்லை.

எங்கள் எல்லாருடைய டிக்கெட் பணத்தையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். டிக்கெட் நகல்களையும் விளம்பரத்தின் படத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அடுத்த முறை ஸ்பீக்கர் வைப்பதாக இருந்தால் விளம்பரத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வயலின் ஆசிரியை