“இன்னும் தெரியல” என்று சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

திருநெல்வேலிச் சீமையில் கைகொடுத்த எல்லாருக்கும்,

வணக்கம்.

நாள் தள்ளிப்போய், கார்டில் இரண்டு கோடு விழுந்து, பிறகு லேசாக ரத்தம் பட்டோ ஒரு பக்கமாக அடிவயிறு இழுத்துப் பிடித்தோ ஸ்கேனுக்குப் போகிற பெண்களுக்குத் துணைபோகிறவர்கள் நாங்கள். ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள்ளும் ஒன்றும் இல்லை, வெளியேயும் ஒன்றும் தென்படவில்லை என்றால் அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குப் பதில் கிடைக்காது. கர்ப்பம் உண்டு, இடம் தெரியவில்லை. நாள் கணக்கு பிசகி, கண்ணுக்குப் படாத அளவில் கரு கர்ப்பப்பைக்குள்ளேயே இருக்கலாம். வளராமல் தானாகக் கலைந்துகொண்டிருக்கலாம். கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருக்கலாம். எது என்று தெரிய இரண்டு நாளாவது வேண்டும், சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகும். அந்த நாட்களை உயிருக்குப் பங்கமில்லாமல் கடக்க வைத்தவர்கள் நீங்கள். நீங்கள் செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் நன்றி சொல்லத் தோன்றுகிறது.

ஸ்கேன் டாக்டர்களே, தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதித் தந்தீர்கள். கர்ப்பப்பை உட்சுவரின் தடிமன், சினைப்பை ஓரங்களில் கட்டி உண்டா, கர்ப்பப்பைக்குப் பின்னால் நீரோ ரத்தமோ கோத்திருக்கிறதா என்ற மூன்றையும் விடாமல் குறித்தீர்கள். அடுத்து பார்க்கிறவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம். உள்ளே சின்னதாக ஒரு நீர்ப்பை தெரிந்ததுமே “குழந்தை உள்ளதான் இருக்கு” என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. குழாய்க் கர்ப்பத்திலும் கர்ப்பப்பைக்குள் கொஞ்சம் நீர் சேர்ந்து பை மாதிரியே ஏமாற்றும். அதற்குள் யோக் சாக் என்கிற மஞ்சள்கருப் பை தெரிந்தால்தான் உறுதி. அது ஐந்தரை வாரம் வாக்கில்தான் கண்ணில் படும்.

ஸ்கேன் அறை வாசலில் நிற்கிற அக்காமாருக்கும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறோம். ராதாபுரத்திலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, பஸ்ஸில் அடக்கிக்கொண்டே வருகிற பெண்ணிடம், “உள் ஸ்கேனுக்கு அது வேண்டாம்மா, ஒண்ணுக்குப் போயிட்டு வந்து படு” என்று சொல்கிறவர்கள் நீங்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை தள்ளிப்போய், பிறப்புறுப்பு வழியாக எடுக்கிற உள் ஸ்கேனில் படம் தெளியாது. உள் ஸ்கேன் எடுத்தால் கரு கலைந்துவிடுமோ என்று நடுங்குகிறவளிடம், கருவி கர்ப்பப்பைக்குள் போவதே இல்லை, வாசலோடு நின்றுவிடும் என்று கையைப் பிடித்துச் சொன்னீர்கள். டாக்டர் சீட்டும் ஆதாரும் இல்லாமல் வந்தவர்களிடம், கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுத்தால் படிவம் நிரப்ப வேண்டும் என்கிற 1994-ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பொறுமையாக விளக்கினீர்கள்.

லேப் தம்பிகளுக்கு என்ன சொல்ல! பீட்டா எச்.சி.ஜி. என்கிற கர்ப்ப ஹார்மோனை அளக்கிற சோதனைக்கு ரத்தம் எடுத்த நேரத்தைச் சீட்டின் மேல் பெரிதாக எழுதிக் கொடுத்தீர்களே, அந்த நேரம் இல்லாவிட்டால் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஒரு தடவை பார்த்த பீட்டா ஒன்றும் சொல்லாது. சரியாக 48 மணி நேரம் கழித்துப் பார்க்கிற இரண்டாவதுதான் பேசும். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு எடுத்தால் அடுத்தது ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு. ஞாயிறு அடைப்பு என்று தெரிந்தும் வந்து ஷட்டரைத் தூக்கினீர்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். இரண்டாவது சோதனையைப் பக்கத்தூர் லேபில் பார்த்துக்கொள்கிறோம் என்றவர்களைத் தடுத்ததும் நீங்கள்தான். லேபுக்கு லேப் கிட் மாறும், ஒரே ரத்தத்துக்கு எண்ணும் மாறும். அந்த வித்தியாசத்தை வளர்ச்சி என்றோ வீழ்ச்சி என்றோ நம்பிவிடக் கூடாது.

எண்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், வீட்டில் குழப்பம் தொடங்குவது இங்கேதான். முதல் பீட்டா 800 என்று வையுங்கள். 48 மணி நேரத்தில் அது 1,300-ஐத் தாண்டினால், அதாவது 63 சதவீதத்துக்கு மேல் கூடினால், கர்ப்பப்பைக்குள் வளர்கிறது என்று எதிர்பார்க்க இடமுண்டு. 400-க்குக் கீழே இறங்கினால் கர்ப்பம் தானாகக் கலைந்துவருகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். 800 என்பது 950 ஆகவோ 700 ஆகவோ நின்றால் அதுதான் கவனிக்க வேண்டிய நடுவாந்திரம். மறுநாளே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். இந்தக் கணக்கும் முடிந்த முடிவில்லை. குழாய்க் கர்ப்பத்திலும் சிலருக்கு எண் ஒழுங்காக ஏறும், சிலருக்கு இறங்கும். எண் போக்கைக் காட்டும், இடத்தைக் காட்டாது. அதனால்தான் ஸ்கேன் மறுபடி. பீட்டா 1,500-ஐத் தாண்டியும் உள்ளே தெரியவில்லை என்றால் குழாய்தான் என்று முன்பெல்லாம் முடிவுகட்டுவது உண்டு. அந்த அளவில் நல்ல கர்ப்பமே கண்ணில் படாமல் போவதுண்டு என்பதால், 3,500 வரை பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள் இப்போது. வலியோ மயக்கமோ இருந்தால் எந்த எண்ணுக்கும் காத்திருக்கக் கூடாது.

அவசரப்பட்டு ஊசி போடாமல் காத்த டாக்டர்களை இதனால்தான் கும்பிடுகிறோம். குழாய்க் கர்ப்பத்துக்குப் போடுகிற மெத்தோட்ரெக்சேட், கர்ப்பப்பைக்குள் நல்லபடியாக வளர்கிற கருவையும் விட்டுவைக்காது. இரண்டு நாள் காத்திருக்கச் சொன்னது அலட்சியம் இல்லை என்பதை வாசலில் கோபமாக நின்ற அப்பாமாருக்கும் அண்ணன்மாருக்கும் நீங்களே வெளியே வந்து விளக்கினீர்கள்.

கிராமத்து நர்ஸம்மாக்களே, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடித்தவள், காப்பர்-டி போட்டவள் என்றாலும் நாள் தள்ளினால் கார்டு போட்டுப் பார்த்தீர்கள். இவர்களுக்குக் கர்ப்பம் தரிப்பது அபூர்வம். ஆனால் தரித்தால் குழாயில் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். “ஆபரேஷன் பண்ணியாச்சே, எப்படி?” என்று சொல்லி வலியைத் தள்ளிவிடுகிற வீடுகளில் உங்கள் ஒரு கார்டு உயிரைக் காப்பாற்றும்.

இனி வீட்டுக்குள் இருந்தவர்கள். மாமியார்மாரே, மதினிமாரே, பக்கத்து வீட்டு ஆச்சிமாரே, தோள்பட்டை வலி என்றதும் தைலத்தைத் தேடாமல் போனை எடுத்தீர்கள். வழக்கமாக நம் ஊரில் தோள் கடுத்தால் வாயுப்பிடிப்பு என்று ஓமத்தண்ணீர் வைப்போம். குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால், அது மேலேறி நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானத்தை உறுத்தும். அதன் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் வலி தோள் நுனியில் தெரியும், படுத்தால் கூடும். தோளில் அடிபட்டிருக்காது, தொட்டால் நோகாது, ஆனாலும் கடுக்கும். இதோடு எழுந்தால் கண் இருட்டுவது, வியர்த்துக் கொட்டுவது, வெளிக்கு வருகிற மாதிரி முக்கத் தோன்றுவது, இதில் ஒன்று சேர்ந்தாலும் கிளம்பிவிட வேண்டும். கீழே படுகிற ரத்தத்தை வைத்து அளக்கவே கூடாது. துணியில் பழுப்பாக ஒரு கறை மட்டும் இருக்கும்போதே உள்ளே நிறைய இறங்கியிருக்கலாம்.

அப்போது பைக்கில் ஏற்றாமல் 108-ஐக் கூப்பிட்டீர்கள். நடுவழியில் மயங்கினால் பின்னால் இருப்பவள் விழுந்துவிடுவாள். “கர்ப்பம், இருக்கிற இடம் தெரியல, வயிற்று வலி, மயக்கம்” என்று சுருக்கமாக விஷயத்தைச் சொன்னீர்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் காபி, கஞ்சி எதுவும் கொடுக்காமல் இருந்தீர்கள். களக்காட்டிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி வரை ராத்திரியில் ஓட்டிக்கொண்டு வந்த 108 டிரைவர்களுக்கும், கூப்பிட்ட குரலுக்கு வந்து ரத்தம் கொடுத்தவர்களுக்கும் நாங்கள் பட்ட கடன் பெரிது.

ஒரு தாளையும் இங்கே சொல்ல வேண்டும். கடைசியாக வீட்டுக்குத் தூரமான தேதி, ரத்த வகை, பீட்டா எண்கள் நேரத்தோடு, ஸ்கேன் தேதிகள், முன்பு நடந்த ஆபரேஷன்கள், ஒத்துக்கொள்ளாத மருந்து. இவ்வளவையும் ஒரே தாளில் எழுதி, மடித்து, அவள் மணிபர்சில் வைத்த கணவன்மார்களே, அவள் பேச முடியாமல் கிடந்த நேரத்தில் அந்தத் தாள் பேசியது. நெகட்டிவ் ரத்தம் என்று அதில் இருந்ததால்தான், அடுத்த கர்ப்பத்துக்குப் பாதுகாப்பாக நெகட்டிவ் ரத்தக்காரர்களுக்குப் போடுகிற ஆன்டி-டி ஊசி தேவையா என்று 72 மணி நேரத்துக்குள் கேட்க முடிந்தது.

மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டு அனுப்பின பெண்களைக் கவனித்த நர்ஸுகளுக்கு, நாலாம் நாள் பீட்டா ஏறினாலும் பயப்படாதே என்று முன்கூட்டியே சொன்னதற்காக. நாலாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் 15 சதவீதமாவது இறங்க வேண்டும், இல்லையென்றால் இன்னொரு ஊசி வேண்டியிருக்கும் என்பதைத் தாளிலேயே எழுதினீர்கள். ஃபோலிக் ஆசிட் கலந்த சத்து மாத்திரையை நிறுத்த வேண்டும், வலிக்கு பாராசிட்டமால் மட்டும், வெயிலில் அலையக் கூடாது, தாம்பத்தியம் டாக்டர் சொல்லும்வரை வேண்டாம், அடுத்த கர்ப்பம் மூன்று மாதத்துக்கு வேண்டாம் என்று வீட்டாரையும் உட்கார வைத்துச் சொன்னீர்கள்.

“விசேஷம் உண்டா?” என்று கேட்காமல் இருந்தவர்களே, வாழ்த்தவும் இல்லாமல் துக்கம் விசாரிக்கவும் இல்லாமல் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களே, உங்களுக்கும். பீடிக்கடையில் கணக்கு குறைந்துவிடக் கூடாதென்று அவள் தட்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அவள் பங்கையும் சுற்றி முடித்த தெருப் பெண்களுக்கும்.

கடைசியாக, பீட்டா 5-க்குக் கீழே வரும்வரை வாராவாரம் அவளோடு லேபுக்கு வந்தவர்களுக்கு. வலி போய், ரத்தம் நின்று, வீட்டில் எல்லாரும் மறந்துவிட்ட பிறகும் குழாய் வெடிக்கலாம் என்பதை மறக்காமல், ஐந்தாவது வாரத்திலும் காலை பஸ்ஸுக்கு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள்.

நன்றியுடன்,
துணைபோகிற பெண்கள்