எடை எந்திரத்துக்கு அருகே ஒரு நாற்காலி போடுங்கள்: புற்றுநோய் மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

கருப்பை உட்சவ்வில் புற்றுநோய் கண்டு, அறுவை சிகிச்சையும் ஆறு சுற்றுக் கீமோவும் முடித்திருக்கும் ஒரு பெண்ணின் தங்கை நான். தங்கள் திறமையின்மீது எனக்குக் குறையேதும் இல்லை. அக்கா இன்று எங்களோடு இருப்பதற்குத் தங்கள் துறைதான் காரணம் என்பதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் சென்ற மாதம் மறுபரிசோதனைக்குப் போனபோது நடந்த ஒன்று என்னை இம்மடலை எழுத வைத்திருக்கிறது. "டாக்டர், என் எடைக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் உண்டா?" என்று அக்கா கேட்டார். பல மாதங்களாக மனத்துக்குள் வைத்திருந்த கேள்வி அது. கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வாயைக் கட்டுங்கம்மா" என்று பதில் வந்தது. அதற்குள் அடுத்தவர் பெயரை அழைத்துவிட்டார்கள்.

கீமோவின் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பு நோயாளியை எடை எந்திரத்தில் ஏற்றுவது ஏன் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எடையையும் உயரத்தையும் கொண்டு போடும் கணக்கில்தான் பல மருந்துகளின் அளவு முடிவாகிறது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பையை என்னிடம் தந்துவிட்டு ஏறுவார். வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும்படி செவிலியர் அந்த எண்ணை உரக்கச் சொல்வார். மேசையில் இருப்பவர் எழுதிக்கொள்வார். ஆறு முறை எழுதினார்கள். அந்த எடை அவர் உடம்புக்குள் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஒருமுறைகூட ஒருவரும் விளக்கவில்லை. மருந்தை அளப்பதற்கு வேண்டியிருக்கும் எடை, நோயாளிக்கு விளக்குவதற்கு வேண்டாம் என்று யார் முடிவு செய்தார்கள்?

விளக்கம் கிடைக்காத அக்கா தாமாகவே ஒரு விளக்கத்தை உண்டாக்கிக்கொண்டார். தின்று தின்று நோயை நானே வரவழைத்துக்கொண்டேன் என்பதுதான் அது. மூன்றாம் சுற்றுக்குப் பிறகு இரவுச் சாப்பாட்டை நிறுத்தினார். சில நாளில் காலைச் சாப்பாடும் நின்றது. "குமட்டுகிறது" என்று தட்டை மூடி வைத்துவிடுவார். கீமோவின் குமட்டல் என்றே நானும் நம்பியிருந்தேன். நான்காம் சுற்றுக்கு இரண்டு நாள் இருக்கும்போது குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். கதவு நிலையில் மோதிப் புருவத்துக்கு மேலே கிழிந்துவிட்டது. சிகிச்சை ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. காயத்துக்குத் தையல் போட்டு முடிந்ததும் அவர் என்னிடம் முதலில் கேட்டது, "நாலு கிலோவாவது குறைந்திருக்குமா?" என்பதைத்தான். அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை.

சிகிச்சையின் நடுவே பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரைகிறது. பருமனாகத் தெரியும் உடம்பிலும் தசை குன்றியிருக்கக்கூடும். அப்படிக் குன்றியவர்களைக் கீமோவின் நச்சு விளைவுகள் கூடுதலாக வருத்துகின்றன. இவையெல்லாம் தாங்கள் அறிந்தவை. அறிந்ததை நோயாளியிடம் சொல்வதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்பதே என் கோரிக்கை. சிகிச்சை தொடங்குமுன் ஒவ்வொரு நோயாளிக்கும், புற்றுநோயாளிகளின் உணவு குறித்துப் பயிற்சி பெற்ற ஒருவரோடு அரை மணி நேரம். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க, அவரவர் மொழியில் ஒரு தாள். இதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

அந்த அரை மணியில் சொல்லியிருக்கக்கூடியவற்றை நானே தேடிப் படித்துத்தான் அறிந்துகொண்டேன். கொழுப்புத் திசுவை மிஞ்சிய கலோரிகளைச் சேர்த்து வைக்கும் கிடங்காகவே நெடுங்காலம் பார்த்து வந்திருக்கிறார்கள். 1994-இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனுக்கான மரபணுவைக் கண்டறிந்தபோது, அந்தக் கிடங்கே மூளைக்குச் செய்தி அனுப்புகிறது என்பது தெளிவாயிற்று. கொழுப்பு கூடும்போது இரத்தத்தில் லெப்டினும் கூடுகிறது. ஆனால் "போதும்" என்று அது சொல்வது பருமன் உள்ள பெரும்பாலோரின் மூளையில் உரியபடி ஏறுவதில்லை. பசி அடங்காததற்கு மன உறுதியின்மையை மட்டும் பழிக்க முடியாது என்பதை இந்த ஒரு செய்தி விளக்கிவிடும். இதை மட்டும் எவரேனும் அக்காவிடம் சொல்லியிருந்தால் அவர் தம்மையே குற்றவாளியாக்கிப் பட்டினி போட்டிருக்க மாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே லெப்டின், புற்றுச்செல்கள் பெருகவும் புது இரத்தக் குழாய்கள் கிளைக்கவும் தூண்டுவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதற்கு எதிராக வேலை செய்யும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோனும் கொழுப்புத் திசுவில்தான் சுரக்கிறது. ஆனால் உடல் பருக்கப் பருக்க இரத்தத்தில் அதன் அளவு இறங்குகிறது. கூடவே இன்சுலின் ஏறுகிறது; கொழுப்புத் திசுவுக்குள் நோய் எதிர்ப்புச் செல்கள் புகுந்து, அடங்காத அழற்சியை மூட்டிவிடுகின்றன. அக்காவின் நோய்க்கு மிக நெருக்கமானது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். மாதவிடாய் நின்று சூலகம் ஓய்ந்தபின், கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்ற நொதிதான் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஈடுகொடுக்கப் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் இல்லாத நிலையில், கருப்பை உட்சவ்வு ஓய்வில்லாமல் தூண்டப்படுகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல், மிகை உடற்கொழுப்பைத் தவிர்ப்பதால் 13 வகைப் புற்றுநோய்களின் ஆபத்து குறைவதற்குப் போதிய சான்று உண்டு என்று அறிவித்தது. அவற்றில் உறவு மிக வலுவாகத் தெரிவது கருப்பை உட்சவ்வுப் புற்றில்தான்: பருமனின் உச்சப் பிரிவில் உள்ள பெண்களுக்கு, இயல்பான எடை கொண்டவர்களைவிட ஏறத்தாழ 7 மடங்கு ஆபத்து. அக்காவின் கேள்விக்கு உலக அளவில் ஏற்கப்பட்ட பதில் இருந்திருக்கிறது. அது அவருக்குத்தான் கிடைக்கவில்லை.

பதிலோடு சில நுணுக்கங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதை நான் அறிவேன். ஆபத்து கூடுகிறது என்பதால் இன்னாருக்கு இதனால்தான் வந்தது என்று கைகாட்டிவிட முடியாது. மெலிந்தவர்களுக்கும் இந்நோய் வருகிறது. பருமனானவர்களில் மிகப் பலருக்கு வருவதே இல்லை. மாதவிடாய் நிற்கும் முன் வரும் மார்பகப் புற்றில் எடைக்கும் ஆபத்துக்குமான உறவு தலைகீழாகவே இருக்கிறது. இவ்வளவையும் "வாயைக் கட்டுங்கம்மா" என்ற இரண்டு சொல்லுக்குள் அடக்க முடியுமா?

கொழுப்பு அமிலங்களில் நாங்கள் பட்ட குழப்பம் தனிக்கதை. தெரிந்த ஒருவர் சொன்னார் என்று அக்கா மீன் எண்ணெய் மாத்திரைகளை வாங்கிக் குவித்தார். இன்னொருவர் சொன்னார் என்று சமையலில் எண்ணெயையே அறவே நிறுத்தினார். ஒமேகா-6 வகையைச் சேர்ந்த அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து அழற்சியை வளர்க்கும் புரோஸ்டாகிளாண்டின் உருவாகிறது என்பதும், மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 அந்த வழியில் குறுக்கிட்டு வீரியம் குறைந்த பொருள்களை உண்டாக்குகிறது என்பதும் உண்மையே. ஆயினும் 25,871 பேரை ஐந்தாண்டுக்கு மேல் கண்காணித்த வைட்டல் (VITAL) என்ற அமெரிக்க ஆய்வில், நாளுக்கு ஒரு கிராம் ஒமேகா-3 புற்றுநோய் வருவதைக் குறைக்கவில்லை. 48,835 பெண்களைக் கொண்டு கொழுப்பைக் குறைத்து உண்ணச் செய்த பெரிய ஆய்விலும், 2006-இல் வெளியான முடிவின்படி, மார்பகப் புற்று உறுதியாகச் சொல்லத்தக்க அளவில் குறையவில்லை. உடம்பில் சேர்ந்த கொழுப்பு ஒரு கேள்வி, வாணலியில் ஊற்றும் எண்ணெய் வேறொரு கேள்வி என்று இதிலிருந்து நான் புரிந்துகொண்டேன். சமையல் எண்ணெய்களில் கிடைக்கும் லினோலெயிக் அமிலத்தையும் ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தையும் உடம்பால் தானாகச் செய்துகொள்ள முடியாது. எண்ணெயை அறவே விடுவது தவறு என்று எங்களுக்குச் சொல்ல மருத்துவமனையில் ஆள் இல்லை. தவிர்க்க வேண்டியது, எண்ணெயைத் தொழிற்சாலையில் கெட்டியாக்கும்போது உருவாகும் ட்ரான்ஸ் கொழுப்பு, அதை உணவு உற்பத்தியிலிருந்தே நீக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2018-இல் நாடுகளைக் கேட்டுக்கொண்டது என்பதையும் நானே படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தங்கள் கருத்தரங்குகளில் லெப்டினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறீர்கள். சூலகப் புற்றுச்செல்கள் வயிற்றுக் கொழுப்புப் படலத்துக்குப் பரவி, அங்குள்ள கொழுப்புச் செல்களிடமிருந்து கொழுப்பு அமிலங்களைப் பெற்று வளர்வதைப் படம் போட்டு விளக்குகிறீர்கள். எவருடைய உடம்பைப் பற்றிப் பேசுகிறீர்களோ அவர் மட்டும் அந்த அரங்குக்கு வெளியே, எடை எந்திரத்தின்மேல் தலைகுனிந்து நிற்கிறார். புதிய கருவிகளுக்கும் புதிய கட்டடங்களுக்கும் பணம் ஒதுக்கும் நிர்வாகங்கள், ஓர் உணவியல் வல்லுநரின் சம்பளத்தை வீண் செலவாக எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நோயாளியிடம் விளக்குவதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்; அதை விட்டுவிட்டுச் செய்யும் சிகிச்சை அரைகுறையானது. என் சொற்கள் கடுமையாகிவிட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புருவத்தில் தழும்போடு கண்ணாடி முன் நிற்கும் அக்காவை நான் நாள்தோறும் பார்க்கிறேன்.

எடை குறைந்தால் பயன் உண்டு என்ற நம்பிக்கைக்கும் சான்று இருக்கிறது. பருமன் உள்ள 30,318 பேரைப் பற்றி 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் பருமனோடு தொடர்புள்ள புற்றுநோய்கள் வரும் ஆபத்து 32 விழுக்காடு குறைவாக இருந்தது. ஏற்கெனவே நோய் கண்டவருக்கு இது எவ்வளவு பொருந்தும், எப்போது தொடங்கலாம், எவ்வளவு வேகத்தில் குறைக்கலாம் என்பதையெல்லாம் அவரவர் உடம்பைப் பார்த்து மருத்துவமனைதான் சொல்ல வேண்டும். வீட்டில் உட்கார்ந்து நாங்கள் ஊகித்த ஊகம் குளியலறை வாசலில் போய் முடிந்தது.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்கிறேன்: சிகிச்சை தொடங்குமுன் அரை மணி நேரம். எடை எந்திரத்துக்கு அருகே ஒரு நாற்காலியைப் போட்டு, விளக்கத் தெரிந்த ஒருவரை அமர்த்துங்கள். எண்ணை உரக்கச் சொல்வதை நிறுத்தி, தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். சிகிச்சை முடிந்து மறுபரிசோதனைக்கு வருபவர்களுக்கும் அந்த அரை மணியைக் கொடுங்கள்.

அக்காவுக்கு அடுத்த மறுபரிசோதனை இரண்டு மாதத்தில் வருகிறது. கேட்க வேண்டியவற்றை ஒரு சிறு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், ஒன்பது கேள்விகள். இம்முறை அவர் அதைத் திறக்கும்போது, எதிரில் இருப்பவர் அடுத்தவர் பெயரை அழைக்காமல் இருந்து கேட்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
ஒரு நோயாளியின் தங்கை