உடையின் உள்பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்களின் உடைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த படக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இந்த விஷயத்துக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. பட்டின் நிறம்கூட அச்சில் கெடாமல் வந்திருந்தது. ஆனால் வந்த படங்கள் எல்லாமே முன்பக்கம்தான். முதுகைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை, லைனிங் தெரியும் படமும் இல்லை. கட்டுரையின் கடைசியில், இந்த மாதிரி உடைகளை ஆராய்ந்து வீட்டில் தைத்துப் பார்க்கிறவர்களை "மாறுவேடப் பிரியர்கள்" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார் கட்டுரையாளர். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குப் படுகிறது. வெளிப்பக்கத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இது வேடமாகத்தான் தெரியும்.

என் வேலை வேறு. ராத்திரியிலும் விடுமுறை நாட்களிலும்தான் தைக்கிறேன். ஒன்பது வருடமாக இந்த ஒரு நூற்றாண்டின் உடைகளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். முதன்முதலில் ஆசைப்பட்டது உங்கள் கட்டுரையின் மூன்றாவது படத்தில் இருக்கும் அதே வகை கவுன். பின்கழுத்தில் தொடங்கும் பெட்டி மடிப்புகள் எங்கும் பிடிக்காமல் தரைவரை விழும். பிரெஞ்சு பாணி கவுன் என்று சொல்வார்கள். முன்பக்கம் உடம்பை ஒட்டி நிற்கும், பின்பக்கம் அருவி மாதிரி தொங்கும். படங்களைப் பார்த்துத்தான் வெட்டினேன். மடிப்புகளைச் சரியாக எண்ணி, அளந்து, பின்கழுத்தில் வைத்துத் தைத்தேன். போட்டுப் பார்த்தால் முதுகு மொத்தமும் பின்னால் உப்பிக்கொண்டு நின்றது. தோள் சரிந்தது. முன்பக்கத்தை இழுத்துக் குத்தினால் அக்குளில் சுருக்கம் விழுந்தது. மூன்று தடவை பிரித்துத் தைத்தும் சரியாகவில்லை.

அப்புறம் ஒரு அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் அந்த வகை கவுன் ஒன்றை உள்பக்கமாகத் திறந்து எடுத்த படம் கிடைத்தது. அந்தத் தொங்கும் மடிப்புகளுக்கு அடியில் தனியாக ஒரு லினன் லைனிங் இருக்கிறது. உடம்பை அளவாகப் பிடிப்பது அதுதான். அந்த லைனிங் நடு முதுகில் பிளந்திருக்கும். பிளவின் இரண்டு ஓரத்திலும் கையால் தைத்த சின்னச் சின்னக் கண்கள், அவற்றில் கோத்த நாடா. நாடாவை இறுக்கினால் லைனிங் முதுகோடு ஒட்டிக்கொள்ளும், மேலே இருக்கும் பட்டு அது பாட்டுக்கு விழும். உடம்பு இளைத்தாலும் பெருத்தாலும் நாடாவை மாற்றிக் கட்டினால் போதும். இவ்வளவும் வெளியில் இருந்து பார்த்தால் துளிகூடத் தெரியாது. மறுபடி தைத்து, நாடாவை முதல் தடவை இழுத்துக் கட்டியபோது மடிப்புகள் தானாக நேராக விழுந்தன. அந்தக் கணத்தை இன்னும் மறக்கவில்லை. இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு தையல்காரம்மா போட்ட கணக்கு என் முதுகில் வேலை செய்தது. ஆராய்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

உள்பக்கம் சொல்லும் விஷயம் இன்னும் நிறைய இருக்கிறது. அந்தக் காலத்தில் கூலியைவிடத் துணிதான் விலை. தையலைப் பார்த்தாலே இது புரியும். பாவாடைத் துண்டுகளைச் சேர்க்கும் இடத்தில் நீளநீளமான ஓட்டுத் தையல்தான் இருக்கும். தையல் மிஷினில் நெருக்கித் தைத்துப் பழகிய கண்ணுக்கு அது அவசர வேலையாகத் தெரியலாம். பின்னால் பிரித்து வேறு உடையாக மாற்ற வேண்டும் என்று தெரிந்தே போட்ட தையல் அது. உடம்பின் இழுப்பு விழும் இடங்களில் அதே கை நெருக்கமாகத் தைத்திருக்கும். லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் நெய்த பட்டின் அகலம் அரை மீட்டர் அளவுதான். அதனால் கை, மடிப்பு ஓரம் என்று எங்கே துணி போதவில்லையோ அங்கே சின்னத் துண்டுகளை ஒட்டுப் போட்டிருப்பார்கள். பூ வேலைப்பாடு பொருந்துகிறதா என்றுகூடச் சில இடங்களில் பார்க்கவில்லை. உங்கள் கட்டுரையின் படங்களில் இப்படி ஒட்டு எங்கே இருக்கிறது என்று உருப்பெருக்கி வைத்துத் தேடினேன். வெளிச்சம் முன்னால் இருந்து அடித்ததால் ஒன்றும் தெரியவில்லை.

உள்ளே போடும் லினன் அங்கியும் அப்படித்தான். முழுக்க நேர்க்கோட்டு வெட்டு. மேலே மிஞ்சும் முக்கோணத்தைக் கீழே பக்கவாட்டில் வைத்து அகலம் கூட்டுவார்கள். அக்குளில் சதுரமாக ஒரு துண்டு. கையைத் தூக்கும்போது கிழியாமல் காப்பாற்றுவது அந்தச் சதுரம்தான். துணியில் வீணாவது ஒரு கைப்பிடி பிசிறு கூட இல்லை.

சோழமண்டலக் கரையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லாததும் எனக்குக் குறையாகப் பட்டது. ஐந்தாவது படத்தில் இருக்கும் பூப்போட்ட பருத்தி கவுனின் குறிப்பில் "அச்சிட்ட துணி" என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். அந்த நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்கள் ஆசைப்பட்டு உடுத்திய சின்ட்ஸ் என்ற பூப்போட்ட பருத்தித் துணியில் மிகச் சிறந்த ரகங்கள் பல இந்தக் கரையில் இருந்துதான் போயின. அவை கையால் எழுதிச் சாயமேற்றியவை. படிகாரம் தடவிய இடத்தில் சாயவேர் சிவப்பாகப் பிடிக்கும். இரும்புக் கரைசல் தடவிய கோடு கருக்கும். நீலம் வேண்டாத இடத்தை மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்குவார்கள். துவைத்தாலும் நிறம் போகாது. அதற்காகவே அங்கே அத்தனை கிராக்கி. உள்நாட்டு நெசவாளர்கள் எதிர்த்ததால் பிரான்ஸ் 1686-ல் தடை போட்டது. 1759 வரை அது நீடித்தது. இங்கிலாந்து 1721-ல் பருத்தி சின்ட்ஸை உடுத்துவதற்கே தடைச் சட்டம் கொண்டுவந்தது. அப்படியும் இந்தத் துணியில் தைத்த கவுன்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. உங்கள் படத்தில் இருப்பது கையால் எழுதியதா, அச்சா என்று கண்டுபிடிக்கத் துணியின் பின்புறத்தையும் ஓரக் கரையையும் பார்த்தாக வேண்டும். மறுபடியும் உள்பக்கத்துக்கே வந்து நிற்கிறேன்.

கவுனுக்கு உள்ளே உடம்பை இறுக்கிக் கட்டும் இடுப்பு இறுக்கி பற்றிய குறிப்புக்கும் ஒரு வார்த்தை. "மூச்சுவிட முடியாத கூண்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். 1770-களின் முறையில், முழுக்கக் கையால் கண் தைத்து, ஒரே கயிற்றைச் சுருளாகக் கோத்துக் கட்டும் ஒன்றைத் தைத்து வைத்திருக்கிறேன். விறைப்பாக நிற்கத் திமிங்கலத்தின் வாயில் இருக்கும் தகட்டைத்தான் அன்று வரிசை வரிசையாகச் செருகினார்கள். நான் அதற்குப் பதில் பிளாஸ்டிக் பட்டை வைத்தேன். அளவெடுத்துத் தைத்ததைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க வீட்டு வேலை செய்திருக்கிறேன், தரை பெருக்கியிருக்கிறேன். குனியும் விதம் மாறுகிறது. முதுகில் இருந்து குனிய முடியாது, இடுப்பில் இருந்துதான் முடியும். பாவாடைகளின் பாரம் இடுப்பை அறுக்காமல் தாங்கிக்கொள்கிறது. கயிற்றை அளவுக்கு மீறி இறுக்கினால் வலிக்கும், அதையும் மறுக்கவில்லை. ஆனால் கண்ணில் பார்க்காத ஒன்றைக் கூண்டு என்று எழுதும்முன், ஒரு தடவை அதைத் தைத்தவரிடம் கேட்டிருக்கலாம்.

எங்களைப் போன்றவர்கள் இதைக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் மற்றவர்கள் பொறுமையாக அளந்து வைத்த வேலையில் இருந்துதான். பிரிட்டனின் உடை வரலாற்று ஆய்வாளர் ஜேனட் ஆர்னால்ட் 1998-ல் மறையும் வரை, எஞ்சியிருக்கும் உடைகளின் ஒவ்வொரு துண்டையும் மடிப்பையும் அளந்து கட்டக் காகிதத்தில் வரைந்து வைத்தார். தையல் எப்படிப் போகிறது என்றுகூடப் பக்கத்தில் எழுதியிருப்பார். பிரான்சில் கார்சோ என்பவர் 1769-ல் தையற்காரர் தொழிலைப் படங்களோடு எழுதிவைத்தார். லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி கலை அருங்காட்சியகம் தன்னிடம் உள்ள சில உடைகளின் வெட்டு வரைபடங்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. அந்த ஒரு வரைபடம் எனக்கு நூறு அழகான முன்பக்கப் படங்களுக்குச் சமம்.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு யாராவது தங்களிடம் இருக்கும் பழைய உடையை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்க்கக் கிளம்பினால் ஒரு வேண்டுகோள். போட்டுப் பார்க்காதீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பட்டு பலவற்றில் எடை கூட்ட உலோக உப்பு ஏற்றியிருப்பார்கள். அது மடிப்பு மடிப்பாகத் தானே கிழிந்துபோகும். ஏலத்தில் வாங்கிய ஒரு மேல்சட்டையை ஆசையில் தோளில் போட்டுப் பார்த்த தோழி, கையை இறக்கும்போதே பட்டு விரிசல் விடும் சத்தத்தைக் கேட்டாள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, படுக்க வைத்து, கழுத்தோரம் திறந்திருக்கும் அளவுக்கு மட்டும் உள்ளே பாருங்கள். அதுவே நிறையச் சொல்லும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். படம் தரும் அருங்காட்சியகத்திடம் ஒவ்வொரு உடைக்கும் ஒரு உள்பக்கப் படம் இருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பார்கள். யாரும் கேட்காததால் வெளியே வருவதில்லை. எல்லாவற்றுக்கும் இடம் இல்லையென்றால் அந்த மூன்றாவது படத்தின் கவுனுக்காவது போடுங்கள். அதன் லைனிங்கில் எத்தனை கண்கள், எந்த இடைவெளியில் என்று எண்ணிப் பார்க்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி