ஆண்டறிக்கை: ஹீலர் மேசையில் ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டிக் கதையாக ஆடும் மேசை விளையாட்டுகளுக்காக இந்த ஆண்டும் சனிக்கிழமை இரவுகளில் சமூக மன்ற அறையில் கூடினோம். தீபாவளி வாரமும் பிள்ளைகளின் தேர்வுக் காலமும் மட்டும் விடுபட்டன. அறை கிடைக்காத இரண்டு தடவை புளோக்குக்குக் கீழே கல்மேசையில் ஆடினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் ஹீலர் விவகாரத்துக்கு, அதாவது ஆட்டத்தில் காயம் ஆற்றும் பாத்திரத்தின் கதைக்கு வருகிறேன். ஆண்டு முழுக்க நாம் அதிகம் வாதாடியது அதைப் பற்றித்தான்.

நம் உறுப்பினர் ஒருவர் தாதி. காலை ஷிப்ட் முடித்து, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு வருவார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் லைஃப் டொமைன் கிளெரிக், அதாவது குணப்படுத்துவதில் தேர்ந்த பூசாரி, அவருடைய பாத்திரம். ஆண்டுத் தொடக்கத்தில் பாலத்துச் சண்டையில் நம் போர்வீரர் உயிர்ப்புள்ளி பூஜ்யமாகி நான்கு முறை விழுந்தார். நான்கு முறையும் ஹீலிங் வேர்ட் மந்திரத்தால் இவர்தான் எழுப்பிவிட்டார். ஜெயித்தோம், கைதட்டினோம். அவர் பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டே, "நாலு தடவை எழுப்பிட்டேன் அண்ணே, ஒரு தடவைகூட அவர விழாம பாத்துக்க முடியலையே" என்றார். வாங்கி வைத்த தே ஹாலியா ஆறிப்போகும் வரை அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

அவர் ஆடியதில் தப்பில்லை. 2014 விதிப்புத்தகப்படி அதுதான் சரியான ஆட்டம். கியூர் வூண்ட்ஸ் மந்திரம் திருப்பித் தரும் உயிர்ப்புள்ளிக்கு ஓர் எட்டுமுகப் பகடை, அதோடு அவருடைய விவேகத்துக்கு 3. சராசரி 7.5. லைஃப் டொமைன் இன்னும் 3 தரும், ஆக 10.5. ஓகர் என்ற ராட்சதன் தன் தடியால் ஓர் அடி போட்டால் சராசரி 13. தன் முறையை முழுதாகச் செலவழித்தாலும் ஓர் அடியை ஈடுகட்ட முடியாது. ஆனால் விழுந்தவரை ஒரே ஒரு உயிர்ப்புள்ளியோடு எழுப்பினாலும் அவர் முழு பலத்தோடு வாள் வீசுவார். அதற்கு 60 அடி தள்ளி நின்று ஹீலிங் வேர்ட் சொன்னால் போதும், முறையில் கூடுதலாகக் கிடைக்கும் சின்னச் செயலான போனஸ் ஆக்ஷன்தான் செலவு. அப்புறம் யார் முன்கூட்டியே குணப்படுத்துவார்?

2024 புத்தகத்தில் கியூர் வூண்ட்ஸுக்கு இரண்டு பகடை. அதே கிளெரிக்குக்குச் சராசரி 15. ஓகரின் அடியைத் தாண்டிவிட்டது. சண்டை இழுத்துக்கொண்டே போகும் என்று முதலில் எதிர்த்தவன் நான். ஆடிப் பார்த்தபின் ஆதரிக்கிறேன். ஆனால் ஹீலிங் வேர்டின் பகடையும் இரட்டிப்பானது. விழுவதற்கு விலையே இல்லை என்ற ஓட்டை அப்படியே இருந்தது.

குணப்படுத்தும் பழம் வரவழைக்கும் குட்பெரி மந்திரம் பற்றியும் ஒரு வார்த்தை. பத்துப் பழம், பழத்துக்கு ஒரு புள்ளி. 2014 விதியில் லைஃப் டொமைனோடு சேர்த்தால் பழத்துக்கு நான்கு, முதல் நிலை ஸ்லாட் ஒன்றில், அதாவது ஒரு மந்திரத்துக்கான செலவில், 40 புள்ளி. 2024 அந்த வழியை அடைத்துவிட்டது. நியாயம்தான், மடியில் பழம் கட்டிக்கொண்டு போகிற கூட்டத்துக்குக் குகை எதற்குப் பயம்?

விடை கிடைத்தது இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு ஆடிய மேசையில். அங்கே விழுந்து எழுந்தவர் "வூண்டட்" (காயமுற்றவர்) ஆகிறார். மறுபடி விழுந்தால் சாவுக்கு ஒரு படி அருகே போய் விழுகிறார். ஹீல் மந்திரத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று ஆக்ஷன் என்று எவ்வளவு செலவழிப்பது என்பதும் ஹீலர் கையில். யாரும் சொல்லாமலே ஹீலர்கள் ஆள் விழும் முன்பே உதவிக்குப் போனார்கள். ஹீலருக்குப் புள்ளியைக் கூட்டுவதா குறைப்பதா என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டினோம். கவனித்திருக்க வேண்டியது விழுகிறவருக்கு என்ன ஆகிறது என்பதைத்தான்.

எனவே பூஜ்யத்துக்குப் போய் எழுபவருக்குச் சோர்வில் ஒரு படி என்று நம் மேசை விதியாக்கினோம். முதலில் 2014 சோர்வு அட்டவணையை எடுத்தது செயற்குழுவின் அவசரம். அதில் மூன்றாம் படிக்கு வந்தால் எல்லாத் தாக்குதலுக்கும் டிஸட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளித் தம்பி ஒருவர் ஒரு மாலை முழுக்கத் தன் அடி ஒன்றுகூட எதிரிமேல் படாமல் உட்கார்ந்திருந்தார். அவரிடம் இந்த அறிக்கை வழியாகவும் வருத்தம் தெரிவிக்கிறேன். பிறகு 2024 முறைக்கு மாறினோம்: படிக்குப் பகடையில் 2 கழிவு, வேகத்தில் 5 அடி குறைவு. அது பொருந்தியது.

கடைசி ஆட்டத்தில் மறுபடி ஓர் ஓகர். போர்வீரரிடம் 9 புள்ளி. தாதி தன் பொம்மையை நகர்த்தி அவர் பக்கத்தில் வைத்து, பகடையை உருட்டி, 16 கொடுத்தார். ஓகர் அடித்தது 14. போர்வீரர் நின்றார். மேசையைச் சுற்றிச் சத்தம். தாதி மட்டும் பேசாமல் தன் தாளில் ஒரு ஸ்லாட்டை அடித்துவிட்டுச் சிரித்தார்.

இந்த விதி நீடிக்க வேண்டுமா என்பது இன்றைய வாக்கெடுப்பில் முதல் தீர்மானம். குணப்படுத்தும் மற்றப் பாத்திரங்களான பார்டையும் (பாணர்) ட்ரூயிடையும் (இயற்கை மந்திரவாதி) இன்னும் இப்படிச் சோதிக்கவில்லை. அதே பாலத்துச் சண்டையில் அவற்றை ஆடிப் பார்க்க மூன்று பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்