பயிருக்கும் ஒரு நிரந்தரச் சட்டம் வேண்டும்: அமெரிக்க வேளாண் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வேளாண் குழுக்களில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். 2013 அக்டோபர் தொடக்கத்தில் தெற்கு டகோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதியைத் தாக்கிய பனிப்புயலை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாடுகளுக்குக் குளிர்கால ரோமம் இன்னும் வளரவில்லை. முதலில் மழையில் தொப்பலாக நனைந்தன, அப்புறம் பனி கொட்டியது. பல்லாயிரம் மாடுகள் செத்தன. கால்நடை இழப்பீட்டுத் திட்டமோ 2011-லேயே காலாவதியாகியிருந்தது. போதாக்குறைக்கு, வாஷிங்டனில் நடந்த பட்ஜெட் சண்டையில் வேளாண் துறையின் உள்ளூர் அலுவலகங்களும் பூட்டிக் கிடந்தன. செத்த மாட்டைக் கணக்கில் எழுதிக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

அதன் பிறகு உங்கள் அவை செய்தது சரியான காரியம். 2014 பிப்ரவரியில் வந்த வேளாண் சட்டம் அந்தத் திட்டத்தை நிரந்தரமாக்கியது. 2011 அக்டோபரிலிருந்து நேர்ந்த இழப்புகளையும் சேர்த்துக்கொண்டது. இன்று புயலிலோ தீயிலோ மாடு செத்தால் சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதம் வரும் என்று பண்ணைக்காரருக்கு முன்பே தெரியும். 2024 பிப்ரவரியில் டெக்சாஸின் வடக்கே பற்றிய ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. மடிக்காம்பு வெந்துபோன பசு கன்றை அண்டவிடாது. குளம்பு கருகிய மாடு மேய நடக்காது. அப்படிக் காயம்பட்டு அடிமாட்டு விலைக்குப் போனவற்றுக்கும் அந்தத் திட்டத்தில் இடம் உண்டு. மேய்ச்சல் நிலம் காய்ந்தால் வியாழன்தோறும் வெளியாகும் வறட்சி வரைபடமே போதும். வரைபடத்தில் ஒரு கவுண்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற ஒரு பகுதி, கடும் வறட்சியைக் காட்டும் நிறத்துக்கு மாறி, அது சில வாரம் நீடித்தால் உதவி உண்டு. புதுச் சட்டம் கேட்டு யாரும் யாரையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

பயிருக்கு மட்டும் ஏன் ஒவ்வொரு முறையும் புதுச் சட்டம்? 2017 புயல்களுக்கு 2018-ல் ஒன்று. 2018 புயல்களுக்கு 2019 ஜூனில் இன்னொன்று. 2020, 2021 இழப்புகளுக்கு 2021 செப்டம்பரில் மற்றொன்று. 2023, 2024 இழப்புகளுக்கான சட்டம் 2024 டிசம்பர் 21 அன்று கையெழுத்தானது. பயிர் இழப்புக்கு அதன் கீழ் விண்ணப்பம் வாங்கத் தொடங்கியதே 2025 ஜூலையில்தான். அதிலும் முதல் தவணையில் கணக்கிட்ட தொகையில் 35 சதவீதம்தான். காப்பீடு எடுக்காதவர்கள் நவம்பர் வரை காத்திருந்தார்கள். 2023 கோடையில் சோளத்தை இழந்தவருக்கு இது இரண்டு ஆண்டு தாண்டிய பணம். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனுக்கு வங்கி அதுவரை வட்டி போடாமல் இருக்குமா? அடுத்த விதைப்புக்கு உதவ வேண்டிய தொகை பழைய வட்டிக்குப் போய்விடுகிறது.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் இழப்பின் முதல் பகுதி எப்போதும் விவசாயி தலையில்தான். பத்துப் பதினைந்து வகைக் காய்கறி போடும் சிறு விவசாயிக்குப் பொருந்துகிற பாலிசி கிடைப்பதும் லேசில்லை. நிவாரணம் வாங்கியவர் அடுத்த இரண்டு பயிர் ஆண்டுகளுக்குக் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை நியாயமானது, அது இருக்கட்டும். ஆனால் வாங்கச் சொல்பவர்கள் வாங்கத்தக்க பாலிசியையும் காட்ட வேண்டும், இல்லையா?

நிரந்தரத் திட்டம் என்றால் செலவு கூடும் என்று உங்களில் சிலர் தயங்குவது புரிகிறது. வரி கட்டுபவன் என்ற முறையில் எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் இப்போதும் செலவழிக்கத்தானே செய்கிறீர்கள்? அதுவும் எவ்வளவு, யாருக்கு, எப்போது என்று யாருக்கும் தெரியாமல்.

2018-ல் ஐந்து ஆண்டுக்கெனப் போட்ட வேளாண் சட்டத்தை 2023-லிருந்து நீட்டித்து நீட்டித்து ஓட்டினீர்கள். அடுத்து முழுமையாக எழுதும்போது பயிர் நிவாரணத்தையும் நிரந்தரப் பகுதியில் சேருங்கள். எந்த அளவு சேதத்துக்கு எத்தனை சதவீதம் என்பதைச் சட்டத்திலேயே எழுதுங்கள். இழப்பு உறுதியான 90 நாளுக்குள் முதல் தவணை போக வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அரசு அலுவலகங்கள் மூடப்படும் நாட்களிலும் இழப்பைப் பதிவு செய்ய ஒரு வழி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒருவன்