பாயின் தரம் வெட்டில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகள் பாய்ப்படகு பழகும் சிறுபடகுகளுக்குப் பாய் தைக்க விலைமனு கேட்கும்போது பெரும்பாலும் இரண்டே விவரங்கள்தான் எழுதப்படுகின்றன. பரப்பளவு எத்தனை சதுர மீற்றர், துணி சதுர மீற்றருக்கு எத்தனை கிராம். இரண்டும் அச்சொட்டாகப் பொருந்தியும் காற்றை எதிர்த்து ஏறாத பாயை யாரும் தைத்துக் கொடுத்துவிடலாம். ஆடைத் தொழிலில் கைதேர்ந்தவர்கள் இவ்வளவு பேர் வாழும் கொழும்பில், ஏற்றுமதிக்கே படகுப்பாய் தைக்கும் நாட்டில், இது நடக்கக் கூடாது.

பாய்க்கு ஒரு வயிறு, அதாவது காற்றைப் பிடிக்கும் குழிவு, வேண்டும். பாய்மரத்தை ஒட்டிய முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை 2 மீற்றர் அகலமுள்ள இடத்தில் 12 சதவீத வயிறு என்றால் ஆழம் 24 சென்ரிமீற்றர். அந்த வளைவின் வழியே அளந்தால் துணி 2 மீற்றரைவிட ஏழரை சென்ரிமீற்றர் அளவு நீளமாக இருக்க வேண்டும். இந்த மிகுதியை வயிறாக மாற்ற இரண்டு வழிகள் உண்டு. முன்விளிம்பை நேராக வெட்டாமல் வெளிப்புறம் வில்போல் வெட்டினால், நேரான பாய்மரத்தில் கட்டியதும் அந்தத் துணி உள்ளே தள்ளப்படும். இன்னொன்று, பாயாக மூட்டப்படும் துணிப்பட்டைகளின் ஓரத்தை மெல்லிய வளைவாக வெட்டி, முன்விளிம்பை நெருங்க நெருங்க ஒன்றின்மேல் ஒன்று கூடுதலாக ஏற்றி மூட்டுவது. சட்டை உடலோடு பொருந்த டார்ட் மடிப்புப் பிடிக்கத் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. நல்ல பாயில் இரண்டும் கலந்திருக்கும். வயிற்றின் ஆழமான இடம் அகலத்தில் 40 முதல் 45 சதவீதத்தில் விழுவது பழகுபவருக்கு நல்லது. சுக்கான் சற்றுப் பிசகினாலும் படகு உடனே வேகம் இழக்காது.

இங்கேதான் பெரிய பிழை நடக்கிறது. பாய்மரம் வளையும். எவ்வளவு வளையும் என்று அளக்காமலே முன்விளிம்பை வெட்டிவிடுகிறார்கள். நடுவில் 4 சென்ரிமீற்றர் வளையும் மரத்தில், நேரான மரத்துக்கு வெட்டிய பாயை ஏற்றினால் அந்த 4 சென்ரிமீற்றரும் வயிற்றுக்காக வைத்த மிகுதித் துணியிலிருந்துதான் போகும். மரத்தின் நடுவிலிருந்து பின்மூலையை நோக்கிச் சாய்வான சுருக்கங்கள் விழும். மாறாக, விறைப்பான மரத்தில் அதிக வில் வைத்த பாய் மரத்தை ஒட்டிப் பைபோல் உப்பும். இரண்டு சந்தர்ப்பத்திலும் பழி துணியின் மேல்தான் விழுகிறது. மரத்தின் உச்சியிலிருந்து அடிவரை ஒரு நூலை இறுக்கிக் கட்டி, கயிறுகளை ஓட்டத்தில் இழுப்பதுபோல் இழுத்து, நூலுக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கால், அரை, முக்கால் உயரங்களில் அளப்பது பத்து நிமிட வேலை.

அடுத்தது நூலோட்டம். சட்டையிலும் காற்சட்டையிலும் பாவு நூல், அதாவது துணிச்சுருளின் நீளத்துக்கு ஓடும் நூல், நீளவாட்டில் வரும். குறுக்குப் பட்டைகளாக வெட்டும் பாயில் கணக்கு மாறும். மேல்முனையிலிருந்து பின்மூலைவரை ஓடும் பலத்த இழுவையை, பாவுக்குக் குறுக்கே ஓடும் ஊடை நூல் தாங்க வேண்டும், அதற்காகவே ஊடை தடித்ததாக நெய்த பாய்த்துணி இருக்கிறது. துணி மிச்சம் பிடிக்க மார்க்கரில், அதாவது துண்டுகளைத் துணியில் அடுக்கும் வரைபடத்தில், ஒரு பட்டையைப் பத்துப் பாகை திருப்பி வைத்தாலும் இழுவை சாய்வாக விழுந்து துணி நெகிழும். மெல்லிய காற்றில் பாய் அழகாகத் தெரியும். தென்மேல் பருவக்காற்று பிடித்ததும் வயிறு பெருத்துப் பின்னால் நகரும், படகு முன்னே போகாமல் பக்கம் சாயும். ஆடையில் கண்ணுக்கே தெரியாத இந்தத் திருப்பம் பாயில் மன்னிக்கப்படுவதில்லை.

தையலிலும் ஆடைப் பழக்கம் சில வேளை கெடுதல் செய்யும். நேர்த்தையல் போட்ட மூட்டு இழுபடும்போது நூல் அறுந்துவிடும். சிக்சாக் தையல் இரண்டு வரிசை வேண்டும், நூல் பொலியெஸ்டராக இருக்க வேண்டும். முதலில் இருபக்க ஒட்டும் டேப் போட்டுப் பட்டைகளைப் பென்சில் கோட்டில் பொருத்தாவிட்டால் மெஷினின் பல் கீழ்த்துணியை மட்டும் இழுத்துக்கொண்டு போகும். பின்விளிம்பில் ஒரு மூட்டுக்கு 2 மில்லிமீற்றர் கூடுதலாக ஏறினால் 8 மூட்டுக்கு 16 மில்லிமீற்றர். அவ்வளவு குறுகிய பின்விளிம்பு கொக்கிபோல் மடங்கி நின்று படகைப் பிடித்து இழுக்கும்.

மூலைகளில் ஒட்டுத்துணிகளை ஒரே அளவில் அடுக்கக் கூடாது. ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறிதாக, இழுவை ஓடும் திசையில் விரிந்திருக்க வேண்டும். ஓரங்கள் ஒரே கோட்டில் வந்தால் அந்த இடத்திலேயே பாய் மடிந்து மடிந்து வெடிக்கும். பின்விளிம்பு நேர்கோட்டுக்கு வெளியே பிதுங்கியிருந்தால் அந்தப் பிதுக்கம், அதைத் தாங்கப் பாய்க்குள் செருகும் மெல்லிய சட்டத்தின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. சட்டத்தின் உள்முனை மெலிந்து இளகலாக இருக்க வேண்டும், இல்லையேல் அங்கே ஒரு முடிச்சு விழுந்தாற்போல் துணி புடைக்கும்.

பாய்த்துணி விறைப்பானது. தையல் நூல் அதற்குள் அமிழாமல் மேலேயே கிடப்பதால் வெயில் முதலில் அதைத்தான் தின்னும். துணி நன்றாக இருக்க மூட்டு பிரிந்தால் தைத்தவரை உடனே குற்றம் சொல்லாமல், பாய் எத்தனை மாதம் வெயிலில் திறந்து கிடந்தது என்று பாருங்கள்.

ஆகவே பாய் கேட்பவர்கள் விலைமனுவில் பாய்மர வளைவின் மூன்று அளவுகளையும், அதே மூன்று உயரங்களில் வேண்டிய வயிற்றின் ஆழத்தையும் இடத்தையும், ஊடை ஓட வேண்டிய திசையையும் சேர்த்து எழுத வேண்டும். பாய் வந்ததும் அந்த உயரங்களில் கறுப்பு டேப்பைக் குறுக்கே ஒட்டி, ஏற்றி, அடிவிளிம்பின் நடுவிலிருந்து அண்ணாந்து படம் எடுத்தால் போதும். படத்தில் டேப்பின் இரு முனைகளையும் கோட்டால் இணைத்து, கோட்டிலிருந்து ஆழமான இடம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைக் கோட்டின் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வயிற்றின் சதவீதம் கிடைக்கும். அந்தப் படத்தையும் தைத்தவரிடமிருந்து வாங்கிய வெட்டு வடிவத்தையும் ஒன்றாக வைத்திருந்தால், அடுத்த பாயில் எந்த மூட்டை எத்தனை மில்லிமீற்றர் திருத்துவது என்பதைப் பார்த்தே சொல்லலாம்.

இப்படிக்கு,
படகுப்பாய் வெட்டுபவர்களும் தைப்பவர்களும்,
முகத்துவாரம், கொழும்பு 15